கூடாரக் கம்பு எங்கே உடைகிறது?

பள்ளி விடுமுறை நாள்களில் மோரிப் கடற்கரையிலும் போர்ட் கிள்ளான் தஞ்சோங் ஹராப்பான் பகுதியிலும் தூண்டிலோடு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிக்கொள்ளச் சிறு கூடாரம் ஒன்று அவர்கள் பக்கத்தில் நிற்கும். சாரணர் முகாமுக்குப் போகும் மாணவர்கள் தூக்கிச் செல்வதும் ஏறத்தாழ அதே வகைக் கூடாரம்தான். துணி கிழிந்தால் ஊசி நூல் போதும். கம்பு உடைந்தால் கூடாரமே படுத்துவிடும். காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் இரவில்தான் பெரும்பாலும் அது உடையும். உள்ளே உங்கள் நண்பர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மாணவர்களே, இந்த வாரம் அந்தக் கம்பைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம். படிவம் 4 வேதியியலில் வரும் ‘பஹான் கொம்போசிட்’, படிவம் 5 இயற்பியலில் வரும் ‘கெகென்யாலான்’, படிவம் 5 வேதியியலில் வரும் ‘பெங்காரத்தான்’ ஆகிய மூன்று பாடங்களும் இந்த ஒரு கம்பில் வந்து சேர்கின்றன. கம்பைப் பராமரிப்பது எப்படி என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது எதனால் பழுதாகிறது என்று புரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

பனி ஏரியிலும் இதே கம்பு

பின்லாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அங்குள்ளவர்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து சென்று, அதில் துளை போட்டு, துளைக்குள் தூண்டில் இறக்கி மீன் பிடிக்கிறார்கள். குளிர்காற்றைத் தடுக்க, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய கூடாரத்தைத் துளைக்கு மேல் விரிப்பார்கள். அதில் ஒரு வகையில், ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு மூட்டு இருக்கும். நான்கு கண்ணாடி இழைக் கம்புகள் அந்த மூட்டில் வந்து சேரும். மூட்டை வெளிப்பக்கமாக இழுத்தால் கம்புகள் வளைந்து சுவர் விறைப்பாக நின்றுவிடும்.

மோரிப்பில் நிற்கும் கூடாரத்தின் கம்பும் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். பொருள் ஒன்று, எதிரிகள்தாம் வேறு. அங்கே குளிர். மூட்டுக்குள் தங்கிய நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. அந்த விரிவு மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே உறைபனி இல்லை. அதற்குப் பதிலாக வெயில், உப்பு, ஈரம் என்ற மூன்றும் இருக்கின்றன. ஆனால் கம்பு முதலில் தோற்றுப்போகும் இடம் இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான். அது மூட்டு.

கம்புக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடி என்றால் கீழே விழுந்து நொறுங்குவதுதான் நினைவுக்கு வரும். அதே கண்ணாடியைத் தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்தால் அது மிக வலிமையானதாக மாறுகிறது. ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே திசையில் அடுக்கி, பிசினில் நனைத்து, சூடான அச்சின் வழியாக இழுத்து இறுக வைத்தால் கம்பு கிடைக்கிறது. இழுவிசையைத் தாங்குவது இழையின் வேலை. இழைகளை ஒன்றாகப் பிடித்துவைத்து, அவற்றுக்கிடையே சுமையைப் பகிர்வது பிசினின் வேலை. இரண்டு பொருள்கள் சேர்ந்து, தனித்தனியாக இல்லாத பண்பைத் தருவதால்தான் இதைக் கூட்டுப் பொருள் என்கிறோம்.

மூங்கிலும் அப்படித்தான். நீளவாக்கில் ஓடும் இழைகளை மற்றொரு பொருள் ஒட்டிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் மூங்கில் வளைந்தும் கொடுக்கிறது, எளிதில் பிளந்தும் போகிறது. கண்ணாடி இழைக் கம்புக்கும் இதே குணம் உண்டு. அது ஒரே அடியாக இரண்டாக முறிவதைவிட, நீளவாக்கில் பிளந்து சிராய் சிராயாகப் பிரிவதுதான் அதிகம்.

எவ்வளவு வளைக்கலாம்?

ராபர்ட் ஹூக் தம் மீள்தன்மை விதியை 1678-இல் வெளியிட்டார். விசை கூடும் விகிதத்தில் நீட்சியும் கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். கம்பை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது, நடுக்கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வாய்பாடு உண்டு:

நீட்சி விகிதம் = கம்பின் ஆரம் ÷ வளைவின் ஆரம்

9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 4.75 மி.மீ. கூடாரத்தில் அது ஏறத்தாழ 1 மீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைகிறது. 4.75-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.00475, அதாவது அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நல்ல கண்ணாடி இழைக் கம்பு ஏறத்தாழ 2 விழுக்காடு நீளும்வரை உடையாது. ஆகவே கூடாரம் அமைதியாக நிற்கும்போது கம்பு தன் எல்லையில் கால் பங்கைத்தான் பயன்படுத்துகிறது.

எல்லையைத் தொட வேண்டுமானால் வளைவின் ஆரம் 24 செண்டிமீட்டர் அளவுக்குக் குறுக வேண்டும். ஒருவர் கூடாரத்தின்மேல் தடுக்கி விழுந்தாலோ, கம்பை முழங்காலில் வைத்து அழுத்தினாலோ அது நடக்கும். மற்ற நேரங்களில் கம்பின் நடுப்பகுதி பத்திரமாகவே இருக்கிறது. பின் எப்படி உடைகிறது?

மூட்டின் கணக்கு

மடிப்புக் கம்பு என்பது பல துண்டுகள். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் உலோகக் குழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அடுத்த துண்டின் முனை அந்தக் குழலுக்குள் நுழையும். எல்லாத் துண்டுகளுக்கும் நடுவே ஒரு ரப்பர் கயிறு ஓடுகிறது.

படிவம் 2-இல் ‘மோமென் டாயா’ படித்திருப்பீர்கள். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதுதான் அது. நாம் பார்த்த 9.5 மி.மீ. கம்பை 1 மீட்டர் ஆரத்துக்கு வளைத்து நிறுத்த, ஏறத்தாழ 16 நியூட்டன் மீட்டர் மோமென் தேவைப்படுகிறது. மூட்டும் இதே மோமெனைத் தாங்கியாக வேண்டும். குழலுக்குள் நுழைந்த பகுதியின் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசையில் செயல்படும் இரண்டு விசைகள் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு இடையிலான தூரம் கம்பு எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதுதான்.

கம்பு 4 செ.மீ. நுழைந்திருந்தால்: 16 ÷ 0.04 = 400 நியூட்டன்.

அது 1 செ.மீ. மட்டும் நுழைந்திருந்தால்: 16 ÷ 0.01 = 1,600 நியூட்டன்.

இது எளிமைப்படுத்திய கணக்குத்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. 400 நியூட்டன் என்பது ஏறத்தாழ 40 கிலோ எடை. 1,600 நியூட்டன் என்பது 160 கிலோ எடை. அவ்வளவு விசையும் குழலின் மெல்லிய விளிம்பில், ஒரு நகத்தின் அளவுள்ள இடத்தில் அழுத்துகிறது. பிசின் நொறுங்குகிறது, இழைகள் பிரிகின்றன, குழலின் வாய் அகன்றுவிடுகிறது. வாங்கிய அன்றே கம்பு உடைந்துபோனால் தரமற்ற பொருள் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயங்களில் காரணம், முழுதாக நுழையாத ஒரே ஒரு மூட்டு.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை அவற்றின்மேல் இறுக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, நாடா ஒட்டி, 8 செ.மீ. நீளமுள்ள குழலாகச் செய்யுங்கள். முதலில் இரு பக்கமிருந்தும் பென்சில்களை 4 செ.மீ. வரை நுழைத்து, ஒரு முனையைப் பிடித்துக் கிடையாகத் தூக்குங்கள். பிறகு ஒரு பென்சிலை மட்டும் 1 செ.மீ. வரை வெளியே இழுத்துவிட்டு மீண்டும் தூக்குங்கள். தாள் எந்த இடத்தில் கசங்குகிறது என்று கவனியுங்கள். கூடாரக் கம்பின் குழல் பிளக்கும் இடமும் அதுதான்.

மூட்டு ஏன் அரைகுறையாக நிற்கிறது?

முதல் காரணம் நம் கை. கம்பைத் துணியின் உறைக்குள் செலுத்தும்போது தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் ரப்பர் கயிறு நீண்டு மூட்டுகள் திறந்துகொள்ளும். உறைக்குள் இருப்பதால் அது கண்ணுக்கும் தெரியாது. கூடாரத்தைப் பிரிக்கும்போதும் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் மணல். கடற்கரையில் துண்டுகளைத் தரையில் போட்டால் குழலுக்குள் மணல் புகுந்துவிடும். கம்பு உள்ளே முழுதாக இறங்காது.

மூன்றாவது காரணம் விளையாட்டு. கம்பின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் துண்டுகள் ‘டக் டக்’ என்று தாமாகச் சேரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ‘டக்’ ஒலியிலும் இழை முனை உலோக விளிம்பில் மோதிச் சிறிது சிறிதாகச் சிதைகிறது. துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பொருத்துவதே முறை.

நான்காவது காரணம் துரு. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வெயில், உப்பு, ஈரம்

மலேசியாவின் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை. இரும்பு துருப்பிடிக்கத் தேவையான நீரும் உயிர்வளியும் எப்போதும் காற்றிலேயே இருக்கின்றன. கடல் உப்பு சேர்ந்தால், அந்த நீர்ப்படலம் மின்பகுளியாகி வேலையை விரைவுபடுத்துகிறது. இரும்பு துருவாக மாறும்போது கன அளவு இரு மடங்குக்கும் மேல் பெருகும். பனி ஏரியில் உறைந்த நீர் செய்ததை இங்கே துரு செய்கிறது. மூட்டு இறுகிவிடும், அல்லது முழுதாக நுழையாமல் பாதியில் நிற்கும்.

தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைக் கூடாரங்கள் வரிசையாக எழும். அவற்றைத் தாங்கும் எஃகுக் குழாய்களில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கும். துத்தநாகம் இரும்பைவிட வேகமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம். தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. ‘லோகம் கொர்பான்’ என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். கூடாரக் கம்பின் குழலிலும் இத்தகைய மெல்லிய பூச்சு உண்டு. அதை மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் காவலாளியை நாமே வேலையிலிருந்து நீக்கியதாகிவிடும்.

சில கூடாரங்களின் கம்புகள் அலுமினியத்தால் ஆனவை. அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். அதன் மேல் உள்ள ஆக்சைடு படலம் அதைக் காப்பது உண்மைதான். ஆனால் உப்புநீர் சூழ்ந்த நிலையில் அலுமினியம் எஃகைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். மூட்டில் வெள்ளைத் தூள் தென்பட்டால் அதுதான் அடையாளம்.

வெயில் வேறு விதமாகத் தாக்குகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் வானில் உயரத்திலேயே நிற்கிறது. அதன் புற ஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகின்றன. முதலில் நிறம் மங்கும். பிறகு மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். கடைசியில் இழைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். ரப்பர் கயிறும் வெயிலிலும் சூட்டிலும் மூப்படைகிறது. கூடாரத்தை மாதக்கணக்கில் காரின் பின்பெட்டியில் போட்டுவைப்பது கயிற்றின் ஆயுளைக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

1. கடற்கரைக்குப் போய் வந்த அன்றே கம்புகளைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். குழலுக்குள்ளும் நீர் ஓட வேண்டும். உப்பு நீரில் கரையும். காய்ந்த பிறகு துணியால் துடைத்தால் முழுதாகப் போகாது.

2. துண்டுகளைப் பிரித்த நிலையில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பைக்குள் வைத்தால் குழலுக்குள் நீர் சிறைப்படும்.

3. கையுறை அணிந்துகொண்டு, பழைய பருத்தித் துணியால் கம்பை மெதுவாக உருவுங்கள். துணியின் நூல் எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே இழை பிரிந்திருக்கிறது. வெறுங்கையால் உருவாதீர்கள். கண்ணாடிச் சிராய் தோலில் ஏறினால் எடுப்பது கடினம்.

4. சற்றே பிரிந்த இடத்தில் நாடாவை இறுக்கமாகச் சுற்றுங்கள். நீளவாக்கில் பிளவு ஓடியிருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். கம்பைத் தேய்ப்பதும் அறுப்பதும் பெரியவர்களின் வேலை. அவர்களும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

5. மூட்டுகளில் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். அவை மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த குழல் இறுக்கமாக இருந்தால், கம்பின் முனையில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் போதும்.

6. மடிக்கும்போது நடு மூட்டிலிருந்து தொடங்குங்கள். அப்போது கயிற்றின் இழுப்பு இரு பக்கமும் சமமாகப் பகிரப்படும். ஒரு முனையிலிருந்தே மடித்துக்கொண்டு போனால் கடைசித் துண்டுக்கான கயிறு அளவுக்கு மீறி நீளும்.

7. துண்டுகளைச் சேர்த்த பிறகும் கயிறு தொளதொளவென்று இருந்தால் அதை மாற்றுங்கள். கயிறு கூடாரத்தின் சுமையைத் தாங்குவதில்லை. மூட்டு தானாகத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

புதுக் கம்பு வாங்கும்போது

ஒரு துண்டை மட்டும் மாற்றுவதாக இருந்தால் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்து பார்த்து வாங்குங்கள். கம்பின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 7.9 மி.மீ. கம்புக்கும் 9.5 மி.மீ. கம்புக்கும் கண்ணால் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் 9.5-ஐ 7.9-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 2.1 வருகிறது. தடித்த கம்பு இரு மடங்கு விறைப்பானது. இரண்டையும் ஒரே வில்லில் கலந்தால் மெல்லிய துண்டே வளைவின் பெரும்பகுதியைச் சுமக்கும், முதலில் உடையும்.

முகாமில் நள்ளிரவில் கம்பு உடைந்தால் என்ன செய்வது? கம்பைவிடச் சற்றே அகலமான, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைக் கூடாரப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கம்பின்மேல் நகர்த்தி, உடைந்த இடம் குழாயின் நடுவில் வருமாறு நிறுத்தி, இரு முனைகளையும் நாடாவால் ஒட்டிவிடுங்கள். கை முறிந்தவருக்குப் பலகை வைத்துக் கட்டுவது போன்றதுதான். விடியும்வரை தாங்கும்.

காற்று எவ்வளவு தள்ளும்?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன்னும் காலையிலும், சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து இடிமழைக் கூட்டங்கள் நம் மேற்குக் கரைக்கு வருவதுண்டு. அப்போது காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது:

அழுத்தம் = ½ × காற்றின் அடர்த்தி × வேகம்²

அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று எடுத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். அப்போது அழுத்தம் 60 பாஸ்கல். கூடாரத்தின் பக்கச்சுவர் 2 சதுர மீட்டர் என்றால் விசை 120 நியூட்டன், அதாவது 12 கிலோ எடை. வேகம் 72 கி.மீ. ஆனால் அழுத்தம் 240 பாஸ்கல், விசை 480 நியூட்டன். வேகம் இரட்டித்தது, விசை நான்கு மடங்கானது. மாலையில் அசையாமல் நின்ற கூடாரம் விடியற்காலையில் சாய்வதற்கு இந்த இருமடிதான் காரணம். இழுகயிறுகளை எல்லாப் பக்கமும் கட்டினால் இந்த விசையில் ஒரு பங்கு தரைக்குப் போய்விடும். கட்டாவிட்டால் முழுவதும் மூட்டுகளுக்கே போகும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்கோ, உலோகக் கூரையுள்ள காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம். முகாமுக்குப் புறப்படும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள்.

பயிற்சி

1. 11 மி.மீ. விட்டமுள்ள கம்பை 1 மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் வெளிப்பக்க நீட்சி எத்தனை விழுக்காடு? அது 9.5 மி.மீ. கம்பைவிடக் கூடுதலா, குறைவா? தடித்த கம்பு எப்போதும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியுமா?

2. மூட்டுக் குழலில் காந்தம் ஒட்டுகிறது. அது எந்த உலோகமாக இருக்கலாம்? அதன் மேல் பூச்சு ஏன் தேவைப்படுகிறது?

3. உங்கள் பள்ளியின் சீருடை இயக்கச் சாமான் அறையில் கூடாரங்கள் இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு ஒரு கூடாரத்தின் கம்புகளை எடுத்துச் சோதியுங்கள். எத்தனை மூட்டுகள் முழுதாக நுழைகின்றன, எத்தனையில் மணல், எத்தனையில் துரு என்று அட்டவணை போடுங்கள். அடுத்த முகாமுக்கு எந்தக் கூடாரம் போகலாம், எது போகக் கூடாது என்பதை அந்த அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யலாம்.